தண்ணீர் நகரத்துப் பெண்கள்

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு பங்குக்குரு இல்லத்திற்கு வந்தார். மகள் தேர்ச்சி பெற்றிருந்தாள். அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். அதில் தாய்க்கு மறுப்பில்லை. ஆனால் அவள் தேர்ந்துகொண்ட தொழில்தான் வீட்டில் பெரும் சச்சரவை எழுப்பியிருந்தது. “சாமி, இவள் பிளம்பர் வேலை படிக்கப் போகிறாளாம். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்” என்றார் அந்த அம்மாள்.

நாமும் புத்தி சொன்னோம். முன்பின் அறியாதவர் வீடுகளுக்குள் ஒரு பெண்பிள்ளை தனியே செல்வது எங்ஙனம் தகும் என்றோம். தையல் இல்லையா, கணிப்பொறி இல்லையா என்றோம். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சாமி, தெருக்குழாயில் குடம் தூக்க நான் போகலாம், அந்தக் குழாயைச் சரிசெய்ய மட்டும் போகக்கூடாதா?” என்றாள். நாம் விடை கூறவில்லை. சிரித்துச் சமாளித்து, செபம் சொல்லி அனுப்பிவைத்தோம்.

விடை கூறாத கேள்வி மனத்தை விட்டு எளிதில் அகல்வதில்லை. உலகில் வேறெங்கேனும் பெண்கள் இத்தொழிலைச் செய்கிறார்களா என்று தேடிப் படிக்கலானோம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செய்கிறார்கள் என்பது பெரிய வியப்பாகத் தோன்றவில்லை. நம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்தது நமக்கு மிகவும் பழக்கமான பெயரைக் கொண்ட ஒரு நாடு. நம் ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட யோர்தான் நாடுதான் அது.

அந்நாட்டின் தலைநகர் அம்மான். விவிலியத்தில் அம்மோனியரின் இராபா எனப்படுவது இந்நகரே. உரியா போரில் மாண்டது இதன் மதிலடியில்தான். தாவீதின் படைத்தலைவன் யோவாபு இதனை முற்றுகையிட்டு, தண்ணீர் நகரைப் பிடித்துவிட்டேன் என்று அரசனுக்குச் செய்தி அனுப்பியதாகச் சாமுவேல் இரண்டாம் நூலில் வாசிக்கிறோம். அந்தத் தண்ணீர் நகரில் இன்று குழாயில் தண்ணீர் வருவது பெரும்பாலும் வாரத்திற்கு ஒருமுறை. சில பகுதிகளில் இருமுறை. ஆள் ஒன்றுக்கு ஆண்டிற்கு 500 கன மீட்டருக்குக் குறைவாக நீர்வளம் உள்ள நாட்டைக் கடும் நீர்ப்பஞ்ச நாடு என்று வல்லுநர் வகுத்துள்ளனர். யோர்தானில் அது 100 கன மீட்டரைக்கூட எட்டவில்லை. தெற்கே பாலைநிலத்தின் அடியிலுள்ள திசி என்ற நிலத்தடி ஊற்றிலிருந்து 325 கிலோமீட்டர் குழாய் பதித்து, 2013 முதல் தலைநகருக்கு நீர் கொண்டுவருகிறார்கள். ஆயினும் நாட்டில் குழாயில் விடப்படும் நீரில் ஏறத்தாழப் பாதி, கசிவாலும் திருட்டாலும் கணக்கில் வராமலே போய்விடுகிறது.

இந்நிலையில் ஒரு குடும்பத்தின் வாழ்வு மொட்டைமாடித் தொட்டியில் இருக்கிறது. முறை வரும் நாளில் தொட்டி நிரம்ப வேண்டும். மறுமுறை வரும்வரை அதைக் கொண்டே குளிக்கவும் சமைக்கவும் துவைக்கவும் வேண்டும். தொட்டிக்குள் ஒரு மிதவைப் பந்து உண்டு. நீர் நிரம்பியதும் அது மேலெழுந்து வாயை அடைத்துவிடும். நம் ஊரில் பால் வால்வு என்பது இதுவே. அது பழுதாகி அடையாமற்போனால், இரவெல்லாம் நீர் வழிந்து தெருவில் ஓடும். காலையில் அடுத்த முறைக்காரருக்கு நீர் திரும்பிவிட்டிருக்கும். பிறகு லாரித் தண்ணீரை விலை கொடுத்து வாங்க வேண்டியதுதான். குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வீணாகிறது. ஏழு நாளில் 140 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்திருப்பவனுக்கு அது ஏழில் ஒரு பங்கு. தேய்ந்துபோன ஒரு சிறு ரப்பர் வாஷர் செய்யும் வேலை இது!

வாஷரை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் மாற்றுபவரை வீட்டிற்குள் அழைப்பது யார்? கணவன் வேலைக்குச் சென்றிருக்கிறான்; வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் மட்டுமே இருக்கிறார்கள். ஆண்துணை இல்லாத வேளையில் அயல் ஆடவனை உள்ளே விடுவது அந்நாட்டு இசுலாமியக் குடும்பங்களின் வழக்கத்திற்கு ஒவ்வாது. ஆகவே கணவன் மாலையில் வரும்வரை குழாய் ஒழுகும். அவனுக்கு விடுப்பு இல்லையெனில் வாரக்கணக்கிலும் ஒழுகும். நாம் அந்தப் பெண்பிள்ளையிடம் கூறிய தடைமொழியை இங்கே எண்ணிப் பார்த்தோம். அறியாதவர் வீட்டிற்குள் பெண் செல்லலாகாது என்றோம். அறியாத ஆடவன் நுழைவதைக் கண்டு அஞ்சும் பெண்ணும் அதே வீட்டிற்குள்தான் இருக்கிறாள் என்பது நமக்குத் தோன்றவேயில்லை. யோர்தானில் அந்த அச்சமே பெண்ணுக்குத் தொழிலைத் தேடித்தந்தது. பெண் ஒருத்தி குறடும் பையுமாக வந்து நின்றால், வீட்டுக்காரி தயக்கமின்றிக் கதவைத் திறக்கிறாள்.

இது தானாக நிகழ்ந்ததன்று. செர்மன் நாட்டு அரசின் ஒத்துழைப்பு நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டத்தில், வீட்டு நீரைச் சிக்கனமாக ஆளும் வழிகளைச் சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பித்தனர். கற்றவர்கள் அயல்வீட்டாருக்குக் கற்பித்தனர். ஒழுகும் குழாயைக் காட்டி இது தவறு என்று சொன்னால் மட்டும் போதுமா, அதை அடைக்கத் தெரிய வேண்டாமா என்ற நிலை வந்தபோது, அவர்களுள் பலர் குழாய் வேலையையே முறையாகப் பயின்றனர். இரும்புக் குழாயில் மரை வெட்டுவது, மரையில் நாடா சுற்றுவது, சுவருக்குள் ஓடும் கசிவைக் கண்டுபிடிப்பது, கழிவறைத் தொட்டியைக் கழற்றிப் பூட்டுவது எல்லாம் அப்பயிற்சியில் அடக்கம்.

அடுத்து, அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று வழங்கிய 27 கோடியே 50 லட்சம் டாலர் நிதியில், சர்க்கா மாநிலத்தின் நீர்க்குழாய் அமைப்பு 2011 முதல் 2016 வரை சீரமைக்கப்பட்டது. (யாக்கோபு இரவெல்லாம் மற்போர் புரிந்த யாபோக்கு ஆறுதான் இன்றைய சர்க்கா ஆறு என்பதை வாசகர் நினைவிற்கொள்ளலாம். இப்போது அது மாசடைந்து மெலிந்து ஓடுகிறது.) தெருவில் பெரிய குழாய் புதிதாக இருந்து, வீட்டிற்குள் சிறிய குழாய் ஓட்டையாக இருந்தால் பயன் என்ன? எனவே அத்திட்டத்தில் பெண்களுக்கும் குழாய்ப் பயிற்சி அளித்து, ஏழைக் குடும்பங்களின் வீட்டுக் குழாய்களையும் செப்பனிட்டார்கள்.

பயிற்சி பெற்றாயிற்று, வேலை கொடுப்பது யார்? உழைக்கும் வயதுப் பெண்களுள் ஏறத்தாழ ஏழில் ஒருவரே ஊதியத் தொழிலை நாடும் நாடு அது. உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட நாட்டில் எந்த முதலாளி பெண் பிளம்பரைச் சம்பளத்திற்கு அமர்த்துவான்? ஆகவே அவர்கள் தாங்களே முதலாளிகளாயினர். சிலர் கடை வைத்தனர். சிலர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து ஒப்பந்த வேலைகளை எடுத்தனர். தொடக்கத்தில் கணவரையோ சகோதரரையோ துணைக்கு அழைத்துச் சென்றவர்களும் உண்டு. அதை நாம் குறையாகக் கருதவில்லை. வெளியே தனித்துச் செல்வது ஒரு நாளில் வரும் துணிவன்று.

சிரியா நாட்டில் 2011-இல் போர் மூண்டபின் இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து யோர்தானுக்கு வந்தனர். சாத்தாரி முகாம் 2012 சூலையில் திறக்கப்பட்டது. முகாமிற்கு வெளியே, வடக்கிலுள்ள இர்பித் போன்ற நகரங்களில் வாடகைக்குக் குடியேறியவர்களே மிகுதி. நற்செய்தியில் நாம் கேள்விப்படும் தெக்கப்பொலி நாட்டுப் பகுதி அது. வந்தவர்களுள் கணவனை இழந்த தாய்மாரும், கணவன் எங்கே என்றே அறியாத தாய்மாரும் இருந்தனர். இத்தகையோருக்கும் இர்பித்தில் குழாய்த் தொழில் கற்பிக்கப்பட்டது. சிரியப் பெண்களும் யோர்தானியப் பெண்களும் சேர்ந்து குழுவாகத் தொழில் நடத்தினர். அயல்நாட்டில் நிவாரணப் பொட்டலத்திற்காக வரிசையில் நின்ற கை, அந்நாட்டார் வீட்டுக் குழாயைச் சீர்செய்து கூலி வாங்கியது. பிச்சையாகப் பெற்ற ரொட்டிக்கும் கூலியாகப் பெற்ற ரொட்டிக்கும் உள்ள வேற்றுமையை, பசித்திருந்தவர்களே அறிவர்.

மிகைப்படுத்திக் கூற நாம் விரும்பவில்லை. இப்பெண்களின் தொகை சில நூறுகளுக்குள் அடங்கும். நாட்டின் நீர்ப்பஞ்சத்தை அவர்கள் தீர்த்துவிடவில்லை. வெளிநாட்டு உதவித் திட்டம் பயிற்சியைத் தரலாம், கருவிப் பையையும் தரலாம், வாடிக்கையாளரைத் தராது. அதைத் தேடிப் பிடிப்பது அவரவர் பாடு. அதைவிடக் கடினம் கூலி கேட்பது. தெரிந்த பெண், அடுத்த தெருப் பெண் என்றால், வேலை முடிந்தபின் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று எண்ணும் குணம் யோர்தானுக்கு மட்டும் உரியதன்று. நம் பங்கில் பூசை உடுப்புத் தைத்துத் தரும் சகோதரிகளுக்கு நாம் எத்தனை முறை வெறும் ஆசீர்வாதத்தை மட்டும் கூலியாகக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. விவிலியத்தைப் புரட்டினால் தண்ணீர் மொள்ளும் இடமெல்லாம் பெண்கள். ஒட்டகங்களுக்கு நீர் இறைத்த ரெபேக்கா, மிதியானின் குருவுடைய ஏழு புதல்வியர், கிணற்றடியில் ஆண்டவரோடு உரையாடிய சமாரியப் பெண். குடத்தில் சுமந்த காலமெல்லாம், கூலி இல்லாத காலமெல்லாம், தண்ணீர் பெண்ணின் வேலையாகவே இருந்தது. அதே தண்ணீருக்குக் குழாயும் வால்வும் கூலியும் வந்தவுடன் அது ஆணின் வேலையாகிவிட்டது. நம் பங்குச் சிறுமி கேட்டது இதைத்தானே!

பெண் கைத்தொழில் செய்வதை நம் திருச்சபை என்றும் இழிவாக எண்ணியதில்லை. கொரிந்து நகரில் புனித பவுல் தங்கியிருந்தது கூடாரம் செய்யும் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியர் வீட்டில். மூவருக்கும் அதுவே தொழில் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. கணவன் தைக்க மனைவி சமைத்தாள் என்று அங்கே எழுதப்படவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 செப்டம்பர் 14-இல் உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலில், பெண்கள் தங்களுக்குத் தகுதியுள்ள தொழில்களிலிருந்து ஒதுக்கப்படலாகாது என்றும், அதே வேளையில் அவர்களது குடும்ப வாழ்வுக்கு ஊறு நேரலாகாது என்றும் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். குருமடத்தில் கற்பித்த காலத்தில் இப்பகுதியை நாம் மாணவர்களுக்கு விளக்கியதும் உண்டு. விளக்கியவர், ஒரு சிறுமி எதிரே வந்து நின்றபோது அதை மறந்துபோனார்.

அண்மையில் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் அந்தத் தாயைக் கண்டு மகளைப் பற்றி விசாரித்தோம். நம் சொல்லைக் கேட்டுத் தொழிற்பயிற்சியை விட்டுவிட்டாளாம். இப்போது நகரத்தில் ஒரு துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கிறாளாம். நாம் சொன்னது தவறு என்று அவரிடம் கூறினோம். தொழிற்பயிற்சி நிலையத்தில் குழாய்த் தொழில் ஓராண்டுப் படிப்பே என்பதையும், நம் மாநிலத்தில் பெண்களுக்கு அதில் சேர உச்ச வயது வரம்பு இல்லை என்பதையும் எடுத்துரைத்தோம். அவள் அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவியர் மேற்படிப்பில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது, அதில் தொழிற்பயிற்சியும் அடங்கும் என்பதைக் கூறியபோது அந்த அம்மாள் வியந்தார். “அவளையே கேட்டுச் சொல்கிறேன் சாமி” என்றார்.

மறு ஞாயிறு மகளே வந்தாள். விண்ணப்பத்திற்கு வேண்டிய சான்றிதழ்கள் எவை என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். தாய் இசைந்துவிட்டாராம், தந்தை இன்னும் இசையவில்லையாம். அவரைக் காண இந்த வாரம் வீட்டிற்குச் செல்வதாக அவளிடம் சொல்லியிருக்கிறோம்.