கணக்கில் லாபம், கையில் காசு இல்ல: கரிலியன் ஒரே நாளில் மூடப்பட்டது எப்படி?

2018 ஜனவரி 15, திங்கட்கிழமை. பிரிட்டனின் இரண்டாவது பெரிய கட்டுமான நிறுவனமான கரிலியன் இனி இயங்காது, சொத்துகளை விற்றுக் கடனை அடைக்கும் நடைமுறை தொடங்குகிறது என்ற அறிவிப்பு வந்தது. அன்று அந்த நிறுவனத்தின் கையில் இருந்த ரொக்கம் வெறும் 2.9 கோடி பவுண்ட். கொடுக்க வேண்டிய பொறுப்புகளோ கிட்டத்தட்ட 700 கோடி பவுண்ட்!

இத்தனைக்கும் அது லாபக் கணக்கு காட்டி வந்த கம்பெனி. அப்புறம் எப்படி இது நடந்தது?

யார் இந்த கரிலியன்?

வுல்வர்ஹாம்ப்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். 1999-ல் டார்மாக் குழுமத்திலிருந்து பிரிந்து உருவானது. பிரிட்டன், கனடா, மத்தியக் கிழக்கு நாடுகள் எனப் பல இடங்களில் சுமார் 43,000 பேர் வேலை பார்த்தார்கள். சாலை, ரயில் பாதை, மருத்துவமனை கட்டுவது மட்டுமல்ல. பள்ளிகளில் மதிய உணவு, மருத்துவமனைகளில் துப்புரவு, சிறைச்சாலைப் பராமரிப்பு என 400-க்கும் மேற்பட்ட அரசு ஒப்பந்தங்களும் இதன் கையில் இருந்தன.

லாபம் எப்படி ‘உருவானது’?

இங்கேதான் விஷயமே இருக்கு. கடையில் ஒரு பொருளை விற்றால் லாபம் எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் ஐந்து வருடம் நடக்கும் கட்டுமான வேலையில், முடியும் வரை உண்மையான லாபம் யாருக்கும் தெரியாது. அதனால் எவ்வளவு வேலை முடிந்ததோ, அந்த அளவுக்கு வருமானத்தையும் லாபத்தையும் மதிப்பிட்டுக் கணக்கில் எழுதுவார்கள். இது சட்டப்படி சரியான முறைதான்.

உதாரணமாக, 100 கோடிக்கு ஒரு வேலை, மொத்தச் செலவு 95 கோடி ஆகும் என்று மதிப்பீடு. பாதி முடிந்தால் 2.5 கோடி லாபம் என்று எழுதலாம். ஆனால் செலவு 110 கோடியைத் தொடும் என்று தெரிந்தால், 10 கோடி நஷ்டத்தை உடனே காட்டியாக வேண்டும். பழைய மதிப்பீட்டையே பிடித்துக்கொண்டிருந்தால்? காகிதத்தில் லாபம், கையில் ஒண்ணும் இருக்காது.

கரிலியனில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். டெண்டரைப் பிடிக்க மிகக் குறைந்த லாபத்துக்கு வேலை எடுத்தார்கள். லிவர்பூல் மருத்துவமனை, கத்தார் தலைநகர் தோஹாவின் கட்டுமானத் திட்டம் போன்றவற்றில் செலவு எகிறியது. இந்த நஷ்டங்கள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறவில்லை.

அப்போ பணம் எங்கிருந்து வந்தது?

ஒரு வீட்டுக்கு வாங்கிய அட்வான்ஸை இன்னொரு வீட்டு வேலையில் போட்டுச் சமாளிக்கும் கான்ட்ராக்டரைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘ரொட்டேஷன்’தான் இங்கே பெரிய அளவில் நடந்தது. கடன் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்க 120 நாள் வரை இழுத்தடிப்பு. சீக்கிரம் பணம் வேண்டுமென்றால், ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு வங்கி கொடுக்கும். அந்த வங்கிக்கு கரிலியன் தர வேண்டியதோ, கணக்கில் ‘கடன்’ என்ற தலைப்பில் வராது.

இவ்வளவுக்கும் நடுவில் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் மட்டும் ஆண்டுதோறும் ஏறியது. 2017 ஜூனில் 5.5 கோடி பவுண்ட் கொடுத்தார்கள். சரியாக அடுத்த மாதம், ஜூலை 10-ம் தேதி, ஒப்பந்தங்களின் மதிப்பில் 84.5 கோடி பவுண்டைக் குறைப்பதாக அறிவித்தார்கள். பங்கு விலை சரிந்தது. ஆறே மாதத்தில் கதை முடிந்தது.

யாருக்கு அடி?

முதல் அடி சின்ன நிறுவனங்களுக்கு. சுமார் 30,000 சப்ளையர்களுக்கு ஏறத்தாழ 200 கோடி பவுண்ட் பாக்கி. அடமானம் எதுவும் வாங்காமல் வேலை செய்து கொடுத்தவர்கள் இவர்கள் என்பதால், சொத்தை விற்றாலும் கடைசி வரிசையில்தான் நிற்க வேண்டும். பிரிட்டனில் 2,700-க்கும் அதிகமானோர் வேலை இழந்தார்கள். ஓய்வூதியத் திட்டங்களில் இருந்த சுமார் 27,000 பேரின் எதிர்காலம் கேள்விக்குறியானது.

நோயாளிகளும் தப்பவில்லை. 2017-ல் திறக்க வேண்டிய ராயல் லிவர்பூல் மருத்துவமனை 2022-ல்தான் திறந்தது. பர்மிங்ஹாம் அருகே கட்டிய மிட்லேண்ட் மெட்ரோபாலிட்டன் மருத்துவமனை 2024 வரை இழுத்தது.

ஆடிட்டர் என்ன செய்தார்கள்?

19 ஆண்டுகள் தணிக்கை செய்த கேபிஎம்ஜி, அதற்காக 2.9 கோடி பவுண்ட் கட்டணம் வாங்கியது. எந்த ஆண்டும் ‘கணக்கில் சந்தேகம் இருக்கு’ என்று குறிப்பு எழுதவில்லை. 2023-ல் பிரிட்டனின் தணிக்கை கண்காணிப்பு அமைப்பு அந்த நிறுவனத்துக்கு 2.1 கோடி பவுண்ட் அபராதம் விதித்தது.

நாம் கவனிக்க வேண்டியது?

ஒரு கட்டுமான நிறுவனத்தின் பங்கு வாங்குபவரோ, அதற்கு சரக்கு சப்ளை செய்பவரோ, ‘இந்த வருஷம் எவ்வளவு லாபம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. லாபம் ஏறும்போது ரொக்கமும் ஏறுதா, பில் பாக்கி எத்தனை நாள் இழுக்குது, டிவிடெண்டுக்கு காசு எங்கிருந்து வருது என்று பார்க்க வேண்டும். லாபத்தை மதிப்பீட்டில் எழுதிவிடலாம். சம்பளத்தை அப்படிக் கொடுக்க முடியாது.