இயக்கிப் பதிவில் எழும் ஓர் எச்சரிக்கை

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல், வட்டு முதலிய கருவிகளை அவற்றிற்குரிய இயக்கி நிரல்கள் வாயிலாக ஆள்கின்றது. இயக்கியொன்று பதிவு பெறுங்கால், ‘இவ்வியக்கியைப் புதுக்குதல் வேண்டும், பஸ் வகையின் செயற்கூறுகளைக் கையாள்க’ என்னும் பொருள்பட ஒரு வரி தோன்றுவதுண்டு. 2008-இல் வெளிவந்த 2.6.24 ஆம் பதிப்பில் ‘எஸ்டி’ என்னும் வட்டியக்கியைக் குறித்து இவ்வரி எழுந்தது. புதிய பதிப்பை நிறுவுக என்பதே இதன் பொருள் எனக் கொள்வார் உளர். அது பொருந்தாது, வரி நிரல் எழுதுவோரை நோக்கியது.

பஸ் என்பது ஈண்டுக் கருவிகளைக் கணினியோடு பிணைக்கும் இணைப்புத்தடம். கருவியை ஆய்ந்தேற்றல், நீக்கல், நிறுத்தல் என்னும் மூன்றனுள் ஒன்றற்கேனும் தடமும் இயக்கியும் தனித்தனியே செயற்கூறு கொண்டிருப்பின் எச்சரிக்கை பிறக்கும். பதிவு தடைப்படாது. ஆயின் கெர்னல் தடத்தின் கூற்றையே அழைக்கும். அக்கூறு இயக்கியினதை அழையாதாயின், பின்னது வாளா கிடக்கும். எஸ்டியின் நிறுத்தற் கூறு, வட்டின் இடைநினைவகத்தில் எஞ்சிய தரவை நிலையாக எழுதுவிப்பது. அஃது அழைக்கப்படாதொழியின் தரவு இழப்பிற்கு இடமுண்டு. நற்பேறாக, அப்பதிப்பில் மோதியது நீக்கற் கூறே. ஸ்கஸி தடத்தின் கூறு இயக்கியினதைத் தானே அழைத்தமையின் தீங்கு விளைந்திலது.

எச்சரிக்கை வரியை அழித்துவிடுதல் திருத்தமாகாது. பொது இயக்கிக் கட்டமைப்பிலுள்ள செயற்கூற்றுச் சுட்டிகளை அத்தடத்திற்கேயுரிய இயக்கிக் கட்டமைப்பிற்கு மாற்றி, தடத்தின் கூறு அவற்றை அழைக்குமாறு அமைத்தல் வேண்டும். அத்தடத்தைச் சார்ந்த இயக்கிகள் யாவும் ஒருசேர மாறுதல் வேண்டும். ஒன்று விடுபடினும் அதன் கூறு அழைப்பின்றி நிற்கும்.