நொய்யல் கரையில் மறுபடியும் ஓர் உலை… கொல்லைப்புறக் கொல்லுப்பட்டறைக்கு என்னென்ன வேண்டும்?

திருப்பூரில் 'பட்டறை' என்று சொன்னால் லேத் பட்டறையோ வெல்டிங் பட்டறையோதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்தச் சொல்லின் பழைய உறவுக்காரச் சொல்லான 'பட்டடை'க்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல். இன்னொன்று, அந்த அடைகல் இருக்கும் கொல்லுலைக்கூடம். ஒரு கல் இருந்தால் போதும், அந்த இடமே பட்டறைதான்!

இப்போது அந்தக் கல்லைத் தேடி அலைகிற புதுக்கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. 'ஃபோர்ஜ்டு இன் ஃபயர்' நிகழ்ச்சியையும் யூடியூப் வீடியோக்களையும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சம்மட்டி பிடிக்க ஆசைப்படுகிறவர்கள். தொழிலுக்காக இல்லை, சும்மா ஒரு ஹாபி. வாரம் முழுக்க கம்ப்யூட்டரில் ஷிப்மென்ட் கணக்கு பார்க்கிற கைக்கு, இரும்பு வளைவதைப் பார்ப்பது தனி சுகம்தான்.

ஆனால், வீடியோவில் காட்டுகிற சாமான்கள் நம்மூரில் அந்தப் பெயரில் கிடைக்காது. கிடைத்தாலும் அந்த விலைக்கு வாங்க முடியாது. அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை.

ஆத்தோரம் நடந்த தொழில்

திருப்பூரைத் தாண்டி நொய்யலோடு கிழக்கே போனால், சென்னிமலைக்கு மேற்கே ஆற்றின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985-ல் தொடங்கிப் பல கட்டங்களாக இங்கே அகழாய்வு நடந்தது. கல்மணி செய்த இடங்களோடு, இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் வைத்து எஃகு செய்ததற்கான தடயங்களும் கிடைத்தன. ஒரு பெரிய உலை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன உலைகள், காற்று ஊதுவதற்கான சுடுமண் குழாய்கள், கசடு… இன்றைக்கு ஒரு ஹாபிக்காரர் எழுதுகிற ஷாப்பிங் லிஸ்ட்டும் ஏறக்குறைய இதேதான். உலை, காற்று, கரி, அடிக்கிற கல்.

தென்னிந்தியாவின் மூசை எஃகைத்தான் ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள். 1819-ல் லண்டனில் அதை ஆராய்ச்சிக்கு எடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்காக நாம் பாடப் புத்தகத்தில் படித்த அதே ஃபாரடேதான். அவருடைய அப்பா ஒரு கொல்லர் என்பது பலருக்குத் தெரியாது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி தயாரிப்பாளரோடு சேர்ந்துகொண்டு, நம் எஃகைப் போலச் செய்ய அவர் வருடக்கணக்கில் முயன்றார்.

அதைவிடச் சுவாரஸ்யமான கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆல்ஃப்ரட் பென்ட்ரே என்பவர் குதிரைகளுக்கு லாடம் அடித்துப் பிழைத்தவர். நம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் காங்கேயம் காளைகளுக்கு லாடம் கட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். அவர் தானே உலை கட்டி, தானே மூசையில் உருக்கி, பழைய வூட்ஸ் வாள்களில் தெரியும் அலையலையான கோலத்தை மீண்டும் வரவழைத்தார். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் அவரோடு கைகோத்தார். இரும்பில் மிக மிகக் கொஞ்சமாகக் கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்கள்தான் அந்தக் கோலத்துக்கு முக்கியக் காரணம் என்று 1998-ல் இருவரும் மற்றொரு ஆய்வாளரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். லாடம் அடித்த கை இல்லாமல் அந்தப் பேராசிரியரின் ஆராய்ச்சி நகர்ந்திருக்காது.

சரி, நம் கொல்லைப்புறத்துக்கு வருவோம்.

முதலில் கல்

எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். கொம்பு வைத்த அழகான அடைகல்லை ஆன்லைனில் பார்த்ததும் ஆர்டர் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மலிவாக வருகிறவற்றில் பல வார்ப்பிரும்பு. அடித்தால் 'தொத்' என்று சத்தம் வரும், ஓரம் உடைந்து தெறிக்கும். சோதிப்பது சுலபம். ஒரு பேரிங் குண்டை ஓரடி உயரத்திலிருந்து அதன்மேல் போடுங்கள். நல்ல எஃகாக இருந்தால் முக்கால்வாசி உயரத்துக்குத் துள்ளி எழும். குண்டு செத்த மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டால், நீங்கள் அடிக்கிற அடியும் அப்படித்தான் வீணாகும்.

அடுத்து எல்லோரும் சொல்வது தண்டவாளத் துண்டு. நம் ரயில் பாதைகளில் இருக்கும் தண்டவாளம் மீட்டருக்கு 52 அல்லது 60 கிலோ எடை. ஓரடித் துண்டே பதினாறு, பதினெட்டு கிலோ வந்துவிடும். அதைப் படுக்கப் போடுவதைவிட, செங்குத்தாக நிறுத்திக் கட்டையில் பதித்தால் அடிக்கிற இடத்துக்கு நேர் கீழே மொத்த எடையும் நிற்கும். அடி நன்றாக இறங்கும்.

ஆனால், ஓர் எச்சரிக்கை. கணக்கில் வராத ரயில்வே சாமானை வைத்திருப்பதே குற்றம். ரயில்வே சொத்துகள் (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966-ன்படி முதல் முறையே ஐந்து வருடம்வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. ரயில்வே ஏலத்தில் எடுத்த ஸ்கிராப் என்பதற்குக் கணக்கு இருந்தால் மட்டும் வாங்கலாம். பழைய இரும்புக் கடையில் "பில் போட்டுக் குடுங்கண்ணா" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தயங்கினால் அந்தத் துண்டு நமக்கு வேண்டாம்.

இந்த வட்டாரத்தில் அதற்கு அவசியமும் இல்லை. கோயம்புத்தூர் பக்கம் ஃபவுண்டரி, மோட்டார், பம்ப் தொழில் பல தலைமுறையாக நடக்கிறது. கழித்துப்போட்ட ஷாஃப்ட், பிரஸ் மெஷின் கட்டை, ஃபோர்ஜிங் டை என்று கனமான எஃகு எங்காவது ஒரு காயலான் கடையில் கிடக்கும். 10 சென்டிமீட்டர் சதுரமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு கட்டை இருபத்து மூன்றரை கிலோ எடை வரும். ஒரு கிலோ சுத்தியலுக்கு அது தாராளம். கொம்பு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம் ஊர்க் கொல்லர்கள் சின்னச் சதுரக் கல்லில்தான் கொழு முதல் கொடுவாள்வரை அடித்தார்கள். கல்லை வேம்பு அல்லது புளியமரக் கட்டையில் பதித்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி தொடுகிற உயரம் சரியாக இருக்கும்.

உலைக்குச் செம்மண், காற்றுக்கு கம்பெனி புளோயர்

உலைக்குப் பெரிய செலவில்லை. லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்றில் அடியிலிருந்து காற்றுக் குழாய் விட்டால் ஓர் உலை. அதைவிட எளிது, நம் பழைய முறை: தகரப் பெட்டியில் செம்மண், மணல், உமி கலந்து குழைத்துப் பூசி, பக்கவாட்டில் ஓர் இரும்புக் குழாய் செருகுவது. கரிக்கு இந்தப் பக்கவாட்டுக் காற்றே போதும். பூசிய மண் நிழலில் பல நாள் காய வேண்டும். பிறகு லேசான தணலில் காய்ச்ச வேண்டும். ஈரம் இருக்கும்போதே பெருந்தீ மூட்டினால் வெடித்துச் சிதறும். ஆற்றுக் கல்லும் சிமென்ட் கான்கிரீட்டும் உலைக்கு ஆகவே ஆகாது. அவையும் சூட்டில் வெடிக்கும்.

காற்றுக்கு, அந்தக் காலத்தில் தோல் துருத்தி. பிறகு கையால் சுற்றும் விசிறி. திருப்பூர்க்காரருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. தையல் மெஷின்மேல் படியும் பஞ்சுத் தூசியை ஊதித்தள்ள பனியன் கம்பெனிகளில் கை புளோயர் வைத்திருப்பார்கள். அதுவே போதும். சொல்லப்போனால், அதுவே அதிகம். காற்று கூடினால் கரி வீணாகும், இரும்பு பொரிந்து பொறி பறக்கும். அதனால் குழாய்க்கு நடுவே ஒரு தகட்டைச் செருகி, காற்றைக் கூட்டிக் குறைக்க வழி செய்துகொள்ளுங்கள்.

கரிக்குக் காங்கேயம் பக்கம் தொட்டிக்கரி, அதாவது தேங்காய்த் தொட்டியைச் சுட்ட கரி. அல்லது சீமைக்கருவேலக் கரி. நிலக்கரி புகையும் நாற்றமும் தரும். பக்கத்து வீட்டு மாடியில் துணி காய்கிற தெருவில் அது சரிப்படாது.

பிடிக்கக் குறடு வேண்டும். முதல் ஒன்றை மட்டும் வாங்குங்கள், அடுத்ததை நீங்களே அடித்துக்கொள்ளலாம். கத்தி, அரிவாள் செய்ய ஆசையென்றால் லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் நல்ல எஃகு. கட்டுமானக் கம்பியில் கத்தி செய்தால் முனை நிற்காது.

பனியன் ஊரில் தீ வைப்பது

இந்த ஊரில் நெருப்போடு விளையாட இரண்டு மடங்கு கவனம் வேண்டும். வீட்டோரத்தில் கட்டிங் வேஸ்ட் மூட்டை, நூல் பெட்டி, பஞ்சுத் தூசி என்று ஏதாவது இருக்கும். உலைக்குப் பத்தடிக்குள் இவை எதுவும் இருக்கவே கூடாது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். கூரை மட்டும் இருந்து பக்கங்கள் திறந்திருந்தால் நல்லது. மூடிய அறையில் கரி எரித்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும்.

உடம்பில் போட்டுக்கொள்வது சுத்தமான காட்டன். பாலியஸ்டரோ லைக்ரா கலந்த டி-ஷர்ட்டோ வேண்டாம். பொறி விழுந்தால் காட்டன் கருகி ஓட்டையாகும், அவ்வளவுதான். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துணியின் கலவை விகிதத்தைத் தொட்டே சொல்கிற ஊருக்கு இது புரியும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

ஜி.ஐ. பைப்பை உலையில் வைக்கவே கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு ஆவியாகி, சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெள்ளையாகப் பளபளக்கிற எந்த இரும்பையும் சந்தேகப்படுங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டும் என்று செய்த கருவிகள் ஆயுதச் சட்டம், 1959-ன் வரையறைக்குள் வராது. வாள், கட்டாரி அப்படி இல்லை. டி.வி-யில் பார்த்தோமே என்று அதில் இறங்காதீர்கள்.

எடைக்குப் போகும் துருத்தி

சாமான் சேர்ப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. கலப்பை போய் டிராக்டர் வந்தது. மாட்டுவண்டிக்குப் பட்டா கட்டுவது நின்றது. கடையில் ரெடிமேட் மண்வெட்டி தொங்குகிறது. கொங்கு கிராமங்களில் உலை அணைந்த வீடுகளில் கல்லும் குறடும் சம்மட்டியும் கிலோ கணக்கில் எடைக்குப் போகின்றன. ஹாபிக்காரருக்கு அது லாபம்தான். ஆனால் ஐம்பது வருடம் அடிபட்டு நடுவில் குழிந்த கல்லை வாங்கும்போது, எந்தக் குழியில் எதை வைத்து அடித்தார் என்பது கூடவே வராது. ஆசாரி உயிரோடு இருந்தால் கல்லை எடையாக மட்டும் வாங்காதீர்கள். நாலு ஞாயிறு அவர் பக்கத்தில் உட்காருங்கள், அதற்கும் சேர்த்துக் காசு கொடுங்கள். அவர் வீட்டு அம்மாவிடமும் கேளுங்கள். துருத்தி இழுத்தவரும், பல வீடுகளில் எதிர் நின்று சம்மட்டி போட்டவரும் அவர்தான். அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லுவேலையும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன் எல்லாம் உண்டு. குடும்பத் தொழிலை ஒட்டிய அதன் நிபந்தனைகளை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் மறுத்த தமிழ்நாடு அரசு, அடுத்த வருடம் சாதி பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டும் தொழில்காரர்களுக்கானவை, ஹாபிக்கு இல்லை. ஆனாலும் இந்தச் சண்டையின் கேள்வி ஞாயிற்றுக்கிழமைக் கொல்லரையும் தொடுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை, பிறப்பால் மட்டுமே பிடிக்க முடிந்த சுத்தியல் அது. ஒருவர் அதை ஆசைப்பட்டு எடுக்கிறார், இன்னொருவர் மகனிடம் 'இது உனக்கு வேண்டாம்' என்று சொல்லி இறக்கி வைக்கிறார். ஒரே கல்லின் இரண்டு பக்கத்திலும் நிற்பவர்கள் இவர்கள்.

துவைச்சல்

கடைசியாக, அந்த ஆசாரியிடம் கண்டிப்பாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது துவைச்சல். அடித்து முடித்த கத்தியைக் காய்ச்சி அமிழ்த்தி முனைக்கு உறுதி ஏற்றும் வேலை. அவர் நிறத்தைப் பார்த்தே சொல்வார். அதனால்தான் கொல்லுலை எப்போதும் கொஞ்சம் இருட்டாக இருக்கும், வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது. நமக்கு அந்தக் கண் வரும்வரை, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் துணை. சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். அதற்கு மேல் இன்னும் சற்றே காய்ச்சி, ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். தண்ணீரில் போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அது கத்தி விரிசல் விட்ட சத்தம். எண்ணெயிலிருந்து எடுத்ததும் கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். சுத்தமாகத் தேய்த்து 200 டிகிரியில் ஒரு மணி நேரம், அடுப்படி ஓ.டி.ஜி-யிலேயே வைக்கலாம். வெளிர் வைக்கோல் நிறம் ஏறினால் சரி. வீட்டில் அனுமதி கேட்டுவிட்டு வையுங்கள், எண்ணெய் வாசம் அடுத்து வைக்கிற கேக்கில் தெரியும்.

ஆனால், முதல் நாளே கத்திக்குப் போக வேண்டாம். எட்டு எம்.எம். கம்பியில் ஒரு சட்டை மாட்டுகிற கொக்கி அடியுங்கள். முனையைக் கூராக்கி, சுருட்டி, நடுவில் தட்டையாக்கி, ஆணிக்கு ஓட்டை போட வேண்டும். வீடியோவில் ஐந்து நிமிடம். முதல் கொக்கிக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பை தொட்டிக்கரியும் போகும்.