வட்டத்தொட்டியும் சாரற்காலக் கூட்டமும்

நூலைத் தனித்திருந்து கற்பது ஒரு பயன். பலர் கூடியிருந்து கேட்டுக் கற்பது மற்றொரு பயன். பின்னது நம் நாட்டிற்குப் புதிதன்று. புலவர் தாம் இயற்றிய நூலை அவை நடுவே அரங்கேற்றுதல் பண்டை வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் அச்சுப் பொறி பரவவே, ஏட்டில் உறங்கிய நூல்கள் பலர் கைக்கும் எட்டின. அந்நன்மைக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம். ஆயினும், செவி வழியே நுழைந்த கவிதை கண் வழியே மட்டும் நுழையத் தொடங்கிற்று. தேர்வுக்குரிய பாடமாக அது மாறிய பின்னர்ச் சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் எஞ்சின, ஓசை மறைந்தது. இக்குறையை நீக்க முயன்ற ஒரு நண்பர் குழுவின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

அக்குழுவின் நடுநாயகமாக விளங்கியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று, சட்டமும் கற்றவர். சென்னைச் சட்டசபை உறுப்பினராகவும், இந்து அறநிலைய வாரிய ஆணையராகவும் பணிபுரிந்தவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்த அவர் இல்லத்தின் தொட்டிக்கட்டு முற்றத்தில், 1924ஆம் ஆண்டளவில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடலாயினர். வட்டமாக அமைந்த அத்தொட்டியின் பெயரே கூட்டத்திற்கும் ஆயிற்று. வழக்கறிஞரும் ஆசிரியரும் அரசாங்க அலுவலரும் அங்கே ஒருங்கிருந்து கம்பன் கவியைக் கேட்டனர். ஆங்கிலத்திற் புலமை எய்தித் தமிழைப் பொருட்படுத்தாதிருந்த பலர்க்கு, தம் தாய்மொழி அங்கேதான் முதன்முதல் அறிமுகமாயிற்று எனின் மிகையாகாது.

அங்கே நூல் படிக்கப்பெற்ற முறை யாது? நூறு பாடல்களை விரைந்து முடிப்பது நோக்கமன்று. ஒரே செய்யுளை எடுத்துக்கொண்டு, சந்தி பிரித்து, பொருள் நிற்கும் இடத்தில் நிறுத்தி, ஓர் அடியையே பன்முறை சொல்லுவார் முதலியார். பேசுகின்ற பாத்திரத்தின் கோபமோ நாணமோ துயரமோ அவ்வடியின் நடையில் எங்ஙனம் பதிந்துள்ளதென்று காட்டுவார். உரை கூறுமுன்னரே கேட்போர் பொருளை உணர்வர். ஒருவர் தலையசைக்க, அருகிருப்பவர்க்கும் அவ்வின்பம் பற்றும். தனியறையிற் படிப்போர்க்குக் கிட்டாத பேறு இதுவே.

பிற்காலத்தில் முதலியார் குற்றாலத்தைத் தம் உறைவிடமாகக் கொண்டார். தென்காசியினின்று குற்றாலம் செல்லும் வழியில் உள்ளது இலஞ்சி. மகிழமரத்தையும் நீர்நிலையையும் ஒருங்கே குறிக்கும் பெயருடைய இவ்வூர், குமரன் கோயிலாலும் சிற்றாற்றுப் பாசனத்தாலும் சிறப்புற்றது. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் மேலகரமும் அண்மையதே. ஆனி ஆடி மாதங்களில், மலையைக் கடந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று இப்பகுதியிற் சாரலைத் தூவும். அருவியாட விழைவார் திரளும் அக்காலத்தில், முதலியாரின் இல்லத்தை நாடி ஆண்டுதோறும் அன்பர் வந்து கூடுவர். காலையில் அருவி நீராட்டு, பின்னர் விருந்து, அதன்பின் கவிதை. இராஜாஜியும் கல்கியும் அவர் விருந்தினராயினர். கி. ராஜநாராயணன் அவரைத் தம் ஆசானாகப் போற்றினார். பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியாகிய எஸ். மகராஜனும், பயண நூல்களாற் புகழ்பெற்ற தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானும் அவ்வட்டத்தைச் சார்ந்தவர்களே. ஊர் திரும்பியவர்களோடு முதலியார் கடிதங்களாற் பேச்சைத் தொடர்ந்தார். அக்கடிதங்கள் பின்னர் நூலுருப் பெற்றன.

இம்முறைக்கு மறுப்பும் உண்டு. கம்பராமாயணத்திற் பல செய்யுட்கள் பிறரால் இடைச்செருகப்பட்டவை என்று முதலியார் துணிந்தார். தம் செவிக்கு ஒவ்வாதவற்றை நீக்கியும், சில இடங்களிற் பாடத்தைத் திருத்தியும் பதிப்பித்தார். ஏட்டுச் சான்றின்றிப் பாடத்தை மாற்றுதல் தகாதென்று அறிஞர் பலர் கடிந்தனர். இவ்வழக்கில் நாம் அறிஞர் பக்கமே நிற்போம். பயின்ற செவியாயினும் அது ஒருவர் செவியே. ஏடுகளை ஒப்பு நோக்கியன்றிக் கவிஞன் வாக்கு இதுவெனத் துணிதல் இயலாது. சுவைத்தலில் வழிகாட்டியாகும் செவி, பதிப்பில் நடுவராதல் அரிது. எனினும், அக்குறை பற்றி வட்டத்தொட்டியையே ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. பாடத்தைக் குறித்து வாதிட்டோரும் கவிதையைப் பொருட்படுத்தியமையாலன்றோ வாதிட்டனர்!

1939இல் சா. கணேசன் காரைக்குடியிற் கம்பன் கழகத்தை நிறுவியபோது, முதல் விழாவிற்கு முதலியாரே தலைமை தாங்கினார். அக்கழகம் ஆண்டுவிழாவை இன்றளவும் பேணி வருகிறது. 1980இல் யாழ்ப்பாணத்திலும் ஒரு கம்பன் கழகம் தோன்றிற்று. முதலியார் 1954ஆம் ஆண்டு பெப்ருவரி 16ஆம் நாள் மறைந்தார். ஆயின், பத்துப்பேர் சூழ்ந்திருந்து தொடங்கிய சுவை பல்லாயிரவர் கூடும் பந்தல்களையும் எட்டியுள்ளது.

மாணவ நண்பர்களே, பெரிய பந்தலைவிடச் சிறிய முற்றமே நமக்கு எளிது. கல்லூரி விடுதியின் தாழ்வாரம் போதும், ஐவர் போதும், ஒரு செய்யுள் போதும். வாரத்தில் ஒரு மாலை, கைப்பேசிகளை அப்பால் வைத்து, ஒருவர் வாய்விட்டுப் படிக்க ஏனையோர் கேட்பாராக. பொருள் விளங்காவிடில் அகராதியை நாடுக. கருத்து வேறுபடின் அஞ்சாது வாதிடுக. அடுத்த ஆண்டு இம்மலரை விரிக்கும்போது, அத்தகைய கூட்டம் ஒன்றேனும் நம் கல்லூரியிற் தோன்றியதென எழுதும் வாய்ப்பு எவர்க்கேனும் கிட்டுமாக.