ரோம யானைக்குச் சின்னக் காது

நாமக்கல்லில் லாரி ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? காற்றடித்த ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார் கடைக்காரர். குமிழி கிளம்பும் இடத்தைத் துடைத்து அடையாளம் போடுவார். ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒட்டுவது ஐந்து நிமிடம்.

டிவியில் வந்த அறிவியல் புனைகதையை நாவலாக்குகிறவருக்கும் இதே பாடுதான். திரையில் கதை ஓடிக்கொண்டே இருப்பதால் ஓட்டை தெரியாது. அச்சில் வாசகர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, டீயை உறிஞ்சிவிட்டு, ‘அதெப்படி?’ என்பார்.

சினிமாதான் என்றாலும், இதற்கு எழுத்தாளர் அசிமோவை விட்டால் ஆள் இல்லை. ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ திரைக்கதையை 1966இல் நாவலாக்கினார். சுருக்கப்பட்ட நீர்மூழ்கி நோயாளியின் உடம்புக்குள் போகிறது. 60 நிமிடத்தில் மறுபடி பெரிதாகிவிடும். படத்தில் வெள்ளையணு கப்பலை விழுங்கிவிட, ஆட்கள் மட்டும் கண் வழியே தப்புகிறார்கள். உள்ளே கிடக்கும் கப்பல் பெரிதானால் நோயாளி கதி? இதைக் கேட்டது அப்போது சிறுமியாக இருந்த அசிமோவின் மகள். நாவலிலோ, தப்பி ஓடுகிறவர்கள் அந்த வெள்ளையணுவையும் தங்கள் பின்னால் வரவைத்து வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். பாடம் நடத்தி அடைக்கவில்லை. பாத்திரங்களுக்கு ஒரு வேலையைக் கூட்டி அடைத்தார்.

டிவியில் மால்கம் ஹல்க். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு அவர் எழுதிய கதையில் வரும் ஊர்வன மனிதர்களுக்குச் சிலூரியன் என்று பெயர். சிலூரியன் என்பது 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு புவியியல் காலம். அப்போது ஊர்வனவே கிடையாது! 1974இல் அதை நாவலாக்கியபோது, அவர்கள் நீண்ட உறக்கத்துக்குப் போகும் நாளை அவர்கள் கண்ணாலேயே காட்டித் தொடங்கினார் ஹல்க். பெயரைப் பற்றி அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்?

நம்மூர்ச் சரக்குக்கு வருவோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து 1952இல் எடுத்த ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. இந்தியக் காட்டில் மாமூத்! யானைக்கே ரோமம் போர்த்தி நடக்கவிட்டார்கள். யானைக்குக் காதுதான் விசிறி. அதில் ஓடும் ரத்தம் வழியாகத்தான் உடம்புச் சூடு தணியும். பனியில் வாழ்ந்த மாமூத்துக்குச் சூடு போகக்கூடாது, அதனால் காது சின்னது. நான் நாவலாக்கினால் ஒரு பாகனைச் சேர்ப்பேன். இரவில் ஓடைக்கு வரும் மிருகத்தின் காதைப் பார்த்ததுமே, ‘இது நம்ம யானை இல்லைங்க’ என்பான். சேலத்து மே மாத வெயிலுக்கு அது பகலில் ஏன் வெளியே வருவதில்லை என்பதும் அந்த ஓடைக்கரையிலேயே தெரிந்துவிடும்.

ஓட்டையும் ஒரு அழகு, விட்டுவிடுங்கள் என்பாரும் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை வேறு. ‘டாக்டர் ஹூ’வின் 1960களின் ஒளிநாடாக்கள் பலவற்றை அழித்து, மறுபதிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். படமாக இன்று பார்க்க முடியாத கதைகள் புத்தகமாகக் கிடைக்கின்றன. நம் வண்டியோ எதிர்த்திசையில் ஓடியது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் தொடராக வந்த பிறகே தூர்தர்ஷனுக்குப் போனது. அதில் வரும் இயந்திர நாய் ஜீனோ நம் அலமாரியில் பத்திரம். டிவிக்கென்றே எழுதிய கதைகள்? அந்த ஸ்கிரிப்ட் தாள்கள் யார் வீட்டுப் பரணில், எந்த எலிக்கு இரையோ! ஓட்டையை அடைக்க முதலில் ட்யூப் வேண்டுமே.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. யானைக்குப் போர்த்திய ரோமத்தை எதில் செய்தார்கள் என்று யாரையாவது கேட்கலாமென்று போனேன். பக்கத்தில் இருந்தது ஒரு இளநீர் வண்டிதான்.