உங்களுக்குத் தெரியுமா? பூனைக்காலியும் மூளை ஸ்கேனும்

சுணை பட்டாலே அரிப்பெடுக்கும் பூனைக்காலிக் கொடியின் விதையில் உள்ள எல்-டோபா என்ற வேதிப்பொருள்தான், கதிரியக்க அடையாளத்தோடு மூளைக்குள் போய், டோபமைன் என்ற நரம்புச் செய்தி கடத்தி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது!

● 1937: பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தனர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமோதரனும் ராமசாமியும்.

● 1983: எல்-டோபாவில் கதிரியக்க ஃபுளோரின்-18ஐ இணைத்து, உயிரோடிருக்கும் மனித மூளையில் டோபமைன் சேரும் பகுதியைப் படமெடுத்தது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு.

● அதே ஆண்டு, டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளையும் படமாக்கியது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு. முதல் ஆளாக ஸ்கேனரில் படுத்தவர், குழுத் தலைவர் ஹென்றி வாக்னரே!

● வாக்னருக்குக் கதிரியக்க அடையாளமாகச் செலுத்திய கார்பன்-11, சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஃபுளோரின்-18 பாதியாகச் சுமார் 110 நிமிடம் ஆகும்.

● மூளையில் டோபமைன் குறையும் பார்க்கின்சன் நோயைக் கண்டறிய, ஃபுளோரின்-18 இணைத்த எல்-டோபாவைக் கொண்டு எடுக்கும் ஃபுளோரோ-டோபா பெட் (PET) ஸ்கேன் இன்றும் உதவுகிறது.