"பார்த்தால்தான் நம்புவேன்" என்ற தோமா உயிர்விட்ட மலை: கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது ஏன்?

நங்கநல்லூர்:

நங்கநல்லூர் என்றாலே எல்லோருக்கும் ஆஞ்சநேயர் கோவில்தான் நினைவுக்கு வரும். ஆனால் பழவந்தாங்கலில் மின்சார ரெயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே பரங்கிமலை. இறந்த பிறகும் வாழ்வு உண்டு என்ற கிறிஸ்தவர்களின் நம்பிக்கைக்கும் இந்த மலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஆண்டுதோறும் நவம்பர் 2-ந்தேதி கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் கொண்டாடுகிறார்கள். கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களில் அன்று கூட்டம் அலைமோதும். கல்லறையை கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பாதிரியார்கள் தீர்த்தம் தெளித்து ஜெபிப்பார்கள்.

சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு பிரான்ஸ் நாட்டில் குளூனி மடத்தின் தலைவராக இருந்த ஓடிலோ என்பவர்தான் இந்த நாளை தொடங்கி வைத்தார். பிறகு அது உலகம் முழுவதும் பரவியது.

செத்தவர்களுக்கு எதற்கு திருநாள்? பலரும் கேட்கும் கேள்வி இது.

தூக்கம்தான்... முடிவு அல்ல

கிறிஸ்தவர்களின் இரங்கல் போஸ்டர்களை பார்த்தாலே பதில் கிடைக்கும். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டிருப்பார்கள். தூங்கியவர் ஒருநாள் எழுந்திருப்பார் அல்லவா? கல்லறைத் தோட்டத்தை குறிக்கும் 'சிமெட்ரி' என்ற சொல்லும் 'தூங்கும் இடம்' என்ற கிரேக்க சொல்லில் இருந்து வந்ததுதான்.

இது மறுபிறவி நம்பிக்கை அல்ல. இன்னொரு வயிற்றில் பிறப்பது கிடையாது. ஏசு உயிர்த்தெழுந்தது போல, இறந்தவர்களும் கடைசி நாளில் அதே ஆளாக உயிர்த்தெழுவார்கள் என்பதே கிறிஸ்தவ போதனை. இதை சி.எஸ்.ஐ. போன்ற சபையினர் 'நித்திய ஜீவன்' என்றும், கத்தோலிக்கர்கள் 'நிலைவாழ்வு' என்றும் சொல்கிறார்கள்.

இறந்தவர்கள் உத்தரிக்கும் தலத்தில் தூய்மை பெற உதவும் என்று கத்தோலிக்கர்கள் அவர்களுக்காக பூசை வைப்பது வழக்கம். சி.எஸ்.ஐ. சபையினர் உத்தரிக்கும் தலத்தை ஏற்பதில்லை. ஆனாலும் மீண்டும் சந்திப்போம் என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான்.

சந்தேகப்பட்ட தோமா

அதெல்லாம் சரி, யார் பார்த்தது? இந்த கேள்வியை முதலில் கேட்டவர் வெளியாள் அல்ல, ஏசுவின் 12 சீடர்களில் ஒருவரான தோமாதான். ஏசு உயிரோடு வந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது தோமா நம்பவில்லை. ஆணி அடித்த காயத்தில் விரலை விட்டு பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். 8 நாள் கழித்து வந்த ஏசு, அவரை விரட்டவில்லை. காயத்தை காட்டினார் என்கிறது பைபிள்.

அந்த தோமா கி.பி. 52-ல் இந்தியா வந்து, கி.பி. 72-ல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது காலம் காலமாக இருந்து வரும் நம்பிக்கை. 1523-ல் போர்ச்சுக்கீசியர்கள் மலை உச்சியில் ஆலயம் கட்டினார்கள். அவரை அடக்கம் செய்ததாக நம்பப்படும் இடத்தில் மயிலாப்பூர் சாந்தோம் ஆலயம் இருக்கிறது. 1986-ல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கு வந்து ஜெபித்தார்.

சாவுக்குப் பின் வாழ்வா என்று சந்தேகப்பட்டவரே கடைசியில் அதற்காக உயிரைக் கொடுத்தார் என்பதுதான், சொந்தங்களை பறிகொடுத்தவர்களுக்கு பெரிய தெம்பு. சந்தேகம் வந்தாலே பாவம் என்று அவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

அழுதால் தப்பா?

நம்பிக்கை இருந்தால் அழக்கூடாது என்று சாவு வீட்டில் சிலர் சொல்வது உண்டு. இது தவறு. நண்பர் லாசரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும், கல்லறைக்குப் போகும்போது ஏசுவே அழுதார். ஆகவே அழுகையும் நம்பிக்கையும் ஒன்றாகவே இருக்கலாம்.

மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீடு திரும்பினாலும், அப்பா உட்கார்ந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அந்த வேதனையை இந்த நம்பிக்கை அழித்துவிடாது. ஆனால் 'போயிட்டாரு, அவ்ளோதான்' என்று முடித்துக்கொள்ளாமல், 'முன்னாடி போயிருக்காரு' என்று சொல்ல வைக்கிறது. அடுத்த நாள் எழுந்து வேலைக்குப் போக பலருக்கு அது போதுமானதாக இருக்கிறது.